இடது மேல்மூலை வெளிச்சம்

கடலுக்கடியில் வெயில் அடிக்க வைப்பதுதான் அவருடைய வேலை. துறைமுகத்தின் அளவைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தார்.

துறைமுகத் தண்ணீர் பால் விடாத டீயின் நிறம். முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. அதற்கும் கீழே பன்னிரண்டு மீட்டரில் இருக்கும் தரையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு படகு மேலும் கீழுமாக உழுதுகொண்டு போகும். அதன் அடிவயிற்றில் இருக்கும் சோனார் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தை எண்ணாகச் சொல்லும். ஒரு நாளில் இரண்டு கோடி எண்கள் சேரும். எண்களை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் அவற்றை ஒரே துணிபோலத் தைத்து, அந்தத் துணியின்மேல் ஒரு பொய்ச் சூரியனை எழுப்புவார். எந்தச் சரிவு சூரியனைப் பார்க்கிறது, எது முதுகைக் காட்டுகிறது என்று கணினி ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போடும். பார்ப்பது வெளுக்கும், முதுகு காட்டுவது கறுக்கும். கடைசியில் தாளில் ஒரு நிலம் வந்து நிற்கும். தொட்டால் கைக்குத் தட்டுப்படும் என்று தோன்றும்.

அந்தச் சூரியன் எப்போதும் தாளின் இடது மேல்மூலையில்தான் இருக்க வேண்டும். இது அவர் வைத்த சட்டமல்ல, கண் வைத்த சட்டம். பிறந்த நாளிலிருந்து வெளிச்சம் மேலேயிருந்து வருவதைப் பார்த்தே பழகிய கண், படத்திலும் அப்படித்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கீழேயிருந்து போட்டால் கண் ஏமாந்துபோகும். பள்ளம் மேடாகத் தெரியும், மேடு பள்ளமாகத் தெரியும்.

அவருடைய அறை பம்ப் கிடங்குக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னலும் இடது பக்கம்தான். சுவரில் ஒரு முட்டை அட்டையின் புகைப்படம் ஒற்றை ஊசியில் தொங்கும். முட்டையெல்லாம் எடுத்துவிட்ட வெறும் அட்டை. புதிதாக யார் வந்தாலும் கேட்பார்.

"இது குழியா, குமிழா?"

"குழிதான் சார். முட்டை வைக்கிற குழி."

ஊசியை எடுக்காமல் படத்தை அப்படியே தலைகீழாகச் சுற்றுவார். குழியெல்லாம் குமிழாக எழுந்து நிற்கும். வந்தவர் வாயைப் பிளப்பார். அவருக்கு அது ஒருபோதும் அலுத்ததில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும், கல்யாண ஆல்பமாக இருந்தாலும்கூட, "வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்றுதான் முதலில் கேட்பார். அதனால் படகுக்காரர்களுக்கு அவர் பெயரே 'வெளிச்சம்'. "வெளிச்சத்துகிட்ட ஷீட் வாங்கியாச்சா?" என்பார்கள்.

அந்தப் பெயரை வைத்தது அவருடைய தம்பிதான்.

தம்பி அதே துறைமுகத்தில் முக்குளிப்பவன். அண்ணனைவிட ஆறு வயது சின்னவன், இரண்டு மடங்கு சத்தம். அண்ணன் மாடியில் உட்கார்ந்து போடும் படத்தை நம்பித்தான் தம்பி கீழே இறங்குவான். இறங்கிய பிறகு அவனுக்கு எதுவும் தெரியாது. தலையில் கட்டிய விளக்கு சேற்றுத் தண்ணீரில் ஒரு சாண்கூடப் போகாது. படத்தை மனதில் ஏற்றிக்கொண்டு கையால் தடவித் தடவிப் போக வேண்டும்.

"கடலுக்கடியில சூரியனை உதிக்க வெச்ச ஒரே ஆளு எங்கண்ணன்தான்" என்று படகில் எல்லாரிடமும் சொல்வான். "என்ன ஒண்ணு, நான் எறங்குனதும் அது மறைஞ்சுடுது."

முட்டை அட்டை வித்தை அவனுக்கும் தெரியும். அதை வைத்துப் படகில் பந்தயம் கட்டி ஆளுக்கொரு டீ வசூலித்திருக்கிறான். ஆனால் அண்ணன் கொடுத்த தாளில் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை அவருக்கு நாற்பத்தாறு வயது. அரை நாள் வேலை. ஏழாம் எண் கரைச்சுவருக்குப் பக்கத்தில் ஒரு கிரேனின் இரும்பு வாளி அறுந்து தண்ணீரில் விழுந்திருந்தது. அதைத் தேடிக் கொக்கி மாட்ட வேண்டும். அந்த இடத்தில் தரை சரியில்லை. கப்பல்கள் புறப்படும்போது அவற்றின் புரொப்பெல்லர் அடித்து அடித்துச் சுவரின் காலடியில் பெரிய பள்ளம் தோண்டியிருந்தது. நாலு மீட்டர் ஆழம், ஒரு பக்கம் செங்குத்தான சேறு. முந்தைய நாளே அளந்து, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, காலையில் படத்தைத் தயாராக வைத்திருந்தார். வடக்கு மேலே, சூரியன் இடது மேல்மூலையில், ஆழங்கள் சிறு எண்களாக. பள்ளம் பள்ளமாகவே தெரிந்தது.

பதினொன்று ஐந்துக்கு மகள் போன் செய்தாள். பதினேழு வயது. கணினிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு அன்றைக்குத்தான்.

"அப்பா, பஸ் வரவே இல்ல. ரெண்டு பஸ் நேரம் பாத்துட்டேன். பன்னெண்டுக்குப் பரீட்சை. பதினொண்ணே முக்காலுக்கு கேட்டை மூடிடுவாங்கப்பா."

"அழாத. அங்கேயே நில்லு. வரேன்."

போனை வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. படகிலிருந்து கயிற்றுக்காரர். முக்குளிப்பவனின் உயிர்க்கயிற்றை மேலேயிருந்து பிடித்துக்கொள்பவர், அந்தக் குழுவுக்கு மூத்தவர்.

"ஏம்ப்பா வெளிச்சம், ஏழாம் நம்பர் ஷீட்டு ரெடியா? கரைச்சுவர் கீழ வர்ற மாதிரி குடு. போன தடவை வடக்கு மேலன்னு குடுத்துட்ட, அதப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. பதினொன்னரைக்குப் படகு எடுத்துருவோம்."

இப்படிக் கேட்பது புதிதல்ல. படகு சுவரைப் பார்த்து நிற்குமா, சுவருக்கு முதுகு காட்டி நிற்குமா என்பதைப் பொறுத்துத் தாளின் மேல்பக்கம் மாறும். அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். படத்தைத் திருப்பக் கூடாது, தரையைத் திருப்ப வேண்டும். தரையைச் சுற்றிவிட்டு, சூரியனை மீண்டும் இடது மேல்மூலையில் நிறுத்தி, முதலிலிருந்து கணக்குப் போடவைக்க வேண்டும். சிறிய இடம் என்றாலும் அன்றைய கணினிக்கு அது நாற்பது நிமிஷ வேலை.

அவரிடம் நாற்பது நிமிஷம் இல்லை.

முடிந்துபோன படத்தை எடுத்து நூற்றெண்பது பாகை சுற்றினார். ஒரு சொடுக்குதான். எண்களெல்லாம் தலைகீழாகப் போயின. அது பார்க்கக் கண்றாவியாக இருந்ததால், எண் போடாத பிரதியை எடுத்து அதைச் சுற்றினார். வடக்கு அம்பைச் சரியாகக் கீழ்நோக்கி வரைந்தார். சேமித்தபோது மணி பதினொன்று பதினாறு. சூரியன் இப்போது வலது கீழ்மூலையில் இருந்தது. அவர் ஒருமுறை பார்த்தார். அவருக்குப் பள்ளமாகத்தான் தெரிந்தது. அது பள்ளம் என்று அறிந்தவர், வேறெப்படித் தெரியும்?

தம்பி பாதி உடுப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான்.

"என்னண்ணே, தாளு சூடா இருக்கு? இப்பத்தான் சுட்டு எடுத்தியா?"

"சீக்கிரம் எடுத்துட்டுப் போ. பாப்பாவ பரீட்சைக்கு விடணும்."

"பயப்படாம எழுதச் சொல்லு. சித்தப்பா சொன்னேன்னு சொல்லு. பாஸ் ஆனா கடலுக்கடியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்."

"நீ மொதல்ல போய் வாளியத் தேடு."

தம்பி தாளைச் சுருட்டித் தோளில் தட்டிக்கொண்டே இறங்கிப் போனான். பள்ளம் என்று அவர் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லத்தானே படம்.

பதினொன்று நாற்பதுக்கு மகளைத் தேர்வுக்கூட வாசலில் இறக்கினார். எதிரில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். போன் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பரீட்சை நல்லா எழுதினியா?"

"நல்லா எழுதினேன்ப்பா."

பெட்டியைத் திறந்தார். பதினேழு அழைப்புகள்.

சேற்றுச்சுவர் சரிந்து தம்பியின் மேல் விழுந்திருந்தது. கயிறு சுவரின் அடிப்பலகையில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒரு மாதம் உட்கார்ந்தது. அவரையும் கூப்பிட்டார்கள். நீள மேஜை, தண்ணீர்க் குவளைகள், ஆளுக்கொரு பேனா. படம் போட்டுக் கொடுத்தீர்களா என்றார்கள். கொடுத்தேன் என்றார். அளவுகள் சரியா என்றார்கள். சரி என்றார். போகலாம் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அய்யா, வெளிச்சம் தப்பு. வெளிச்சம் கீழேருந்து வந்துச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வெளிச்சம்?"

"படத்துல. சூரியன் கீழ்ப்பக்கம் இருந்துச்சு."

"பன்னெண்டு மீட்டர் ஆழத்துல வெளிச்சமே கெடையாதுன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்களே?"

"கடல்ல இல்லைங்க, தாள்ல."

பக்கத்தில் இருந்தவர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் இளகிற்று. "செத்துப் போனது உங்க கூடப்பிறந்தவர், இல்லையா? போய் ரெஸ்ட் எடுங்க. சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சுங்கறது எங்க விசாரணையில வராது."

சேறு சரிந்ததே காரணம் என்று எழுதினார்கள். படம், 'துணை ஆவணம் – குறையில்லை' என்று ஒரே வரியில் முடிந்தது. அந்தத் தாளே இல்லை. படகின் அறையில் ஒட்டியிருந்ததை, களேபரத்தில் நனைந்து கிழிந்துபோனது என்று யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள்.

இனி அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தம்பி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கினானா? மேடு என்று நினைத்து அதன்மேல் நிற்கப் போனானா? பள்ளம் என்று தெரிந்திருந்தால் தள்ளி இறங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்து, செங்குத்தான பக்கத்துக்குப் போகாமலே இருந்திருப்பான். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் கயிற்றுக்காரர்.

"அவன் அதத் திரும்பிக்கூடப் பாக்கலப்பா" என்றார் கயிற்றுக்காரர். "வந்தான், டீ குடிச்சான், டிரெஸ்ஸ மாட்டினான், எறங்கினான். உன் படம் பாட்டுக்கு ஒரு ஓரமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"நிஜமா?"

"உங்கிட்ட எதுக்கு நான் பொய் சொல்லணும்?"

அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கடுத்த வருஷமும். கயிற்றுக்காரர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போன பிறகும் தேடிப் போய்க் கேட்டார். பதில் மாறவில்லை. சொற்கள்கூட மாறவில்லை. மாறாமல் இருந்ததுதான் அவருக்கு உறுத்திற்று. ஆனால் அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

விசாரணை முடிந்த கையோடு, தம்பி மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை போனார். முட்டை அட்டைப் படத்தைப் பையில் எடுத்துக்கொண்டு போனார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"உக்காருங்க மாமா. ஏன் இப்படி எளைச்சுப் போய்ட்டீங்க? அவரு செஞ்ச தொழில் அப்படி. நீங்க என்ன செய்வீங்க?"

"இல்லம்மா. இதப் பாரு. இது என்னவாத் தெரியுது?"

"குழி."

"திருப்பிப் பாரு."

அவள் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். "அட! இதத்தான் அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரா?" என்று சிரித்தாள். நாற்பது நாளில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். படத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தார். மீதியைச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லவே இல்லை.

வேலையை விடவில்லை. எல்லாத் தாளையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு மேட்டின்மேலும் 'மேடு', ஒவ்வொரு பள்ளத்தின்மேலும் 'பள்ளம்' என்று கையாலேயே எழுதினார். "சின்னப் பசங்க நோட்டு மாதிரி இருக்கு சார்" என்று புதியவர்கள் முணுமுணுத்தார்கள். அறைச் சுவரில் ஊசி மட்டும் இருந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. மனைவி கேட்டால் "தலைவலி" என்பார். ஒன்பது வருஷமாக ஒருவருக்குத் தலை வலிக்குமா என்று அவள் தன் அக்காவிடம் போனில் சொல்லி அழுவது அடுத்த அறையில் அவருக்குக் கேட்கும்.

மகள் அந்தத் தேர்வில் தேறினாள். படித்தாள். வேலைக்கும் போனாள். அதுவும் வெளிச்சம் போடும் வேலைதான். ஸ்கேனில் வரும் இதயம், புயல் மேகம், பாறைக்குள் இருக்கும் நுண்துளை என்று எண்களாக மட்டும் இருக்கும் பொருள்களைக் கண் நம்பும்படி காட்டும் மென்பொருளை எழுதும் குழுவில் இருந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவாள். அப்பாவுக்குப் பிடித்த விஷயம் என்று நினைத்தாள். சித்தப்பா சேற்றில் சிக்கி இறந்தார் என்பதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

"வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்று ஒரு விடுமுறையில் கேட்டார். பழைய பழக்கம்.

"எங்கேருந்தும் இல்லப்பா. எல்லாப் பக்கத்துலேருந்தும்."

"அதெப்படி?"

"ஒரு சூரியனுக்குப் பதிலா முழு வானத்தையே வெளக்கா வெச்சுக்கறோம். ஒவ்வொரு புள்ளிகிட்டயும் போய், உனக்கு எவ்வளவு வானம் தெரியுதுன்னு கேக்கறோம். மேட்டு உச்சிக்கு முழு வானமும் தெரியும், அது பளிச்சுனு இருக்கும். பள்ளத்துக்கு அடியில இருக்கறதுக்குக் கொஞ்சம்தான் தெரியும், அது இருட்டாயிடும். மேகம் போட்ட நாள்ல எல்லாம் எப்படித் தெரியும், அந்த மாதிரி."

அவர் கையிலிருந்த செய்தித்தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு கேட்டார். "படத்தைத் திருப்பினா?"

"எப்படித் திருப்பினாலும் பள்ளம் பள்ளம்தான்ப்பா. எனக்கு உங்க பழைய அளவை ஏதாவது குடுங்களேன், போட்டுக் காட்டறேன்."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். துணிகளுக்குக் கீழே, செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் ஒரு வட்டு இருந்தது. கொடுத்தார். அவள் திறந்தாள். கோப்புகளின் பெயர், தேதி, நேரம் எல்லாம் வரிசையாக வந்தன. அவள் விரல் நின்றது.

"இது சித்தப்பா..."

"ஆமா. அதையே போடு."

போட்டாள். நாலு விநாடி.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்ப்பா. இப்பல்லாம் எல்லாம் வேகம்."

"அன்னிக்கு நாப்பது நிமிஷம்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தை அல்ல, ஓரத்தில் இருந்த பட்டியலை. கடைசிக் கோப்பு: பதினொன்று பதினாறு. அதைத் திறந்தாள். பிறகு அதற்கு முந்தையதைத் திறந்தாள். ஒன்று மற்றொன்றின் தலைகீழ். ஒன்றில் பள்ளம், இன்னொன்றில் மேடு. தொழில் தெரிந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்பா, அன்னிக்கு என் பரீட்சைதானே? நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க?"

"யாரு சொன்னா? நீ பஸ்லதானே போன."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஓட்டமாக ஓடிய வண்டியில் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு போனதை அவள் மறந்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"ஆமாப்பா" என்றாள். "பஸ்லதான் போனேன்."

புதிய படத்தைத் தாளில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மேஜைமேல் வைத்துச் சுற்றினார். கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று. பள்ளம் அசையவில்லை. ஒரு கிணற்றைப்போல இருட்டாக, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பள்ளமாகவே கிடந்தது. அப்படி ஒரு படத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"கயித்துக்காரர் வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"எதுக்குப்பா?"

"சும்மா. அவருக்குக் காட்டணும்."

உண்மையும் அதுதான். நேரே கேட்டு ஒன்பது வருஷமாக ஒரே பதில் வந்தது. இந்தத் தடவை கேட்க வேண்டாம், காட்டினால் போதும் என்று நினைத்தார். என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

டயர் கடைக்கு மேலே இருந்த வீடு. கயிற்றுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "வா வா, வெளிச்சம். இது யாரு, பொண்ணா? இத்தனை ஒசரம் வளந்துட்டியாம்மா? உங்கப்பன் எனக்கு வருஷம் தவறாம ஒரு கேள்வி எடுத்துட்டு வருவான். இன்னிக்கு என்ன, ஆளோட வந்திருக்கான்!"

"இன்னிக்குக் கேள்வி இல்ல. இவ போட்ட படம். பாரு."

கயிற்றுக்காரர் தாளைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் கொண்டுவந்தார். "நல்லா இருக்கே. கையை விட்டா உள்ள போயிடும் போல இருக்கு. எந்த எடம் இது?"

"ஏழாம் நம்பர்."

"ஏழா? போய்யா. ஏழுல மேடுல்ல இருந்துச்சு." தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "சுவரு இந்தப் பக்கம்... மூலை இங்க... எடம் அதேதான். அட, பள்ளமா இது? நீ குடுத்ததுல மேடா இருந்துச்சேப்பா, உன் தம்பி கூட வெரல வெச்சு..."

நிறுத்தினார். நகவெட்டி கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. கீழே கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லு" என்றார் அவர்.

"வேணாம்ப்பா."

"வெரல வெச்சு?"

கிழவர் மகளைப் பார்த்தார், ஏதாவது சொல்லித் தடுக்க மாட்டாளா என்று. அவள் தலை குனிந்திருந்தது.

"வெரல வெச்சு, 'இந்த மேட்டு மேல எறங்கி நின்னுக்கறேன், வாளி பக்கத்துலதான் கெடக்கும்'னான். 'மேடுதானா? பாத்துக்கடா'ன்னேன். 'எங்கண்ணன் போட்டது, அவன் வெளிச்சம் தப்பாது'ன்னுட்டு எறங்கினான்." கிழவர் தாளைக் கட்டிலில் வைத்தார். "கயிறு இன்னும் போச்சு, இன்னும் போச்சு. மேட்டத் தவறவிட்டுட்டுப் பக்கத்துல எறங்கிட்டான்னுதான் நெனச்சேன். பள்ளம்னு யாரு கண்டா? தாளைத் திருப்பச் சொன்னவனும் நான்தானே? அதான் உங்கிட்ட... உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"சரி" என்றார் அவர். "சரி. விடு."

படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். மகள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொள்ளவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

வழியில் அவள் சொன்னாள். "நான் போட்டிருக்கக் கூடாதுப்பா."

"நல்லா போட்டிருக்க" என்றார். "தப்பே இல்லாத படம்."

அது பாராட்டுத்தான். அவர் யாருடைய படத்தையும் அப்படிச் சொன்னதில்லை. அவள் அன்று ஊருக்குத் திரும்ப வேண்டிய ரயிலை விட்டுவிட்டாள். மறுநாள் ரயிலில் போனாள். போன பிறகு வாரம் இரண்டு முறை போன் செய்தாள். வெளிச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. அவரும் எங்கேருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். தட்டில் இருப்பது கவிழ்த்த கிண்ணமா, நிமிர்ந்த கிண்ணமா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே எடுத்தார். தலையணையில் தலை அழுத்திய குழியைத் தடவிப் பார்த்தார். அலுவலகத்தில் மூன்று தாள்களைக் கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார். கோளாறு நுரையீரலில் இருந்தது. கண்டுபிடித்தபோது முற்றிப் போயிருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில், இஷ்டப்பட்டால் முப்பரிமாணப் படமாகவும் தருவோம், வெளிச்சமெல்லாம் போட்டு அச்சு அசலாக இருக்கும் என்றார்கள். மகள் வேண்டாம் என்றாள்.

அதிலிருந்து ஏழாவது மாதம், ஆஸ்பத்திரியில், ஜன்னல் கட்டிலுக்கு வலது பக்கம் இருந்தது. மத்தியானம். மனைவி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் ஏதோ முனகினார். மகள் குனிந்தாள். அவருடைய விரல்கள் அவள் நெற்றியிலிருந்து தொடங்கின. கண்குழி, கன்னத்து எலும்பு, மூக்கு, உதட்டின் கீழ்ப் பள்ளம் என்று மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, மோவாயில் நின்றன. யார் என்று தெரிந்துவிட்டது. முகம் தெளிந்தது. மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருந்தவருடைய முகம்.

"பரீட்சை நல்லா எழுதினியா?"

"நல்லா எழுதினேன்ப்பா" என்றாள்.

உண்மைதான். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியிருந்தாள்.